பங்குத் தொகுப்பில் ஒரே நாளில் எவ்வளவு போகும்?



1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜே.பி.மார்கன் வங்கியின் தலைவராக இருந்தவர் டென்னிஸ் வெதர்ஸ்டோன். நாள்தோறும் சந்தை முடிந்ததும், மாலை 4.15 மணிக்குத் தம் மேசைக்கு ஒரே ஒரு தாள் வந்தாக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். பங்கு, கடன் பத்திரம், அந்நியச் செலாவணி என்று வங்கி உலகெங்கும் வாங்கி வைத்திருந்த அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து, அடுத்த 24 மணி நேரத்தில் எவ்வளவு இழக்க நேரலாம் என்பதை அந்தத் தாள் சொல்ல வேண்டும். பல ஊர்களில், பல கைகளில் சிதறிக் கிடந்த ஆபத்தை ஒரே ஒரு பணத்தொகையாக மாற்றும் வேலை அது. '4.15 அறிக்கை' என்ற பெயர் நிதித் துறையில் அப்படியே நிலைத்துவிட்டது. அதன் பின்னால் இருந்த கணக்கு முறையை 1994 அக்டோபரில் 'ரிஸ்க்மெட்ரிக்ஸ்' என்ற பெயரில் வங்கி இலவசமாகவே வெளியிட்டது.

கோடிக்கணக்கான டாலர் புழங்கும் வங்கித் தலைவர் கேட்ட கேள்வியை, ஐந்து லட்சம் ரூபாய்க்குப் பங்கு வைத்திருக்கும் ஒருவரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நம் ஊரில் பங்கு வாங்குகிறவரிடம் லாபம் எவ்வளவு என்று கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்வார். நாளைக்கே சந்தை சரிந்தால் எத்தனை ரூபாய் குறையும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பதிலுக்கு வேண்டிய கணக்கு பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியலைத் தாண்டியதில்லை. அந்தக் கணக்கில் எந்தக் காலத்து விலைகளைப் போடுகிறோம் என்பதுதான் கடினமான பகுதி. பெரிய பெரிய வங்கிகள் இடறியதும் அங்கேதான்.

கணக்கின் வேர் 1950களின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற ஆய்வு மாணவர் அங்கே நூலகத்தில் உட்கார்ந்து, ஜான் பர் வில்லியம்ஸ் எழுதிய முதலீட்டு நூலைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பங்கு எதிர்காலத்தில் தரப்போகும் ஈவுத்தொகைகளின் இன்றைய மதிப்பே அதன் சரியான விலை என்பது வில்லியம்ஸின் வாதம். மார்க்கோவிட்ஸுக்கு ஓர் ஐயம் எழுந்தது. எதிர்பார்க்கும் வருமானம் மட்டுமே முக்கியம் என்றால், இருப்பதிலேயே சிறந்த ஒரே பங்கில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட வேண்டியதுதானே? விவரம் தெரிந்த யாரும் அப்படிச் செய்வதில்லை. பலவற்றில் பிரித்துப் போடுகிறார்கள். ஏனென்றால் அவர்கள் வருமானத்தோடு ஆபத்தையும் எடைபோடுகிறார்கள். அந்த ஆபத்தைத் திட்ட விலக்கத்தால் அளக்கலாம் என்று 1952 மார்ச்சில் வெளியான பதினைந்து பக்கக் கட்டுரையில் அவர் காட்டினார். அப்போது அவருக்கு வயது 24. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் இது பொருளாதாரமே இல்லை என்று மில்டன் ஃப்ரீட்மன் மறுத்தார். 1990இல் அதே வேலைக்காக மார்க்கோவிட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னதை எண்களில் பார்ப்பது எளிது. ஒருவரிடம் 10 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் இருப்பதாகக் கொள்வோம். 6 லட்சம் ஒரு நிறுவனத்தில், 4 லட்சம் இன்னொன்றில். முதல் பங்கின் அன்றாட விலை மாற்றத்துக்குத் திட்ட விலக்கம் 1.5%, இரண்டாவதற்கு 2%. அப்படியென்றால் முதல் பங்கின் ஒரு நாள் ஏற்ற இறக்கம் ரூபாயில் 9,000. இரண்டாவதன் ஏற்ற இறக்கம் 8,000. இரண்டையும் கூட்டினால் 17,000. ஆனால் இப்படிக் கூட்டுவது தவறு. இரு பங்குகளும் எப்போதும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கினால் மட்டுமே அது சரி.

இரண்டும் எந்த அளவு சேர்ந்து அசைகின்றன என்பதைச் சொல்லும் ஒட்டுறவுக் கெழு 0.4 என்று வைத்துக்கொள்வோம். 9,000இன் வர்க்கம், 8,000இன் வர்க்கம், அவற்றோடு 2 × 0.4 × 9,000 × 8,000 ஆகிய மூன்றையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 14,234 ரூபாய் வருகிறது. 17,000த்துக்கும் 14,234க்கும் உள்ள வேறுபாடுதான் பிரித்துப் போட்டதன் பலன். விலை மாற்றங்கள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டால் 14,234ஐ 1.645ஆல் பெருக்க வேண்டும். 23,415 ரூபாய் கிடைக்கும். நூறு நாட்களில் 95 நாட்கள் இழப்பு இதைத் தாண்டாது என்று பொருள். 99 நாட்களுக்கான எல்லை வேண்டுமானால் 2.326ஆல் பெருக்க வேண்டும். அது 33,108 ரூபாய். வெதர்ஸ்டோனின் மேசைக்கு வந்த தாளில் இருந்தது இந்த வகை எண்தான். 'வேல்யூ அட் ரிஸ்க்', சுருக்கமாக வி.ஏ.ஆர்., என்று உலகம் அழைப்பது இதைத்தான்.

பத்து நாளுக்கான எண் வேண்டுமென்றால் ஒரு நாள் எண்ணைப் பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குவது வழக்கம். 33,108 அப்போது ஒரு லட்சத்து நாலாயிரத்தைத் தாண்டும். ஒரு நாள் விலை மாற்றத்துக்கும் மறுநாள் விலை மாற்றத்துக்கும் தொடர்பில்லை என்ற அனுமானம் இதற்குள் அடங்கியிருக்கிறது.

இரண்டு பங்குகளுக்கு ஒரே ஒரு ஒட்டுறவுக் கெழு போதும். சந்தைக் குறியீடான நிஃப்டியின் 50 பங்குகளுக்கு 1,225 கெழுக்கள் வேண்டும். கணினி நேரம் தங்கத்தின் விலை விற்ற 1960களில் இது பெரிய தடை. வில்லியம் ஷார்ப் 1963இல் வெளியிட்ட கட்டுரை அந்தத் தடையை உடைத்தது. ஒவ்வொரு பங்கையும் மற்ற எல்லாப் பங்குகளோடும் ஒப்பிடுவதற்குப் பதிலாக, சந்தைக் குறியீடு ஒன்றோடு மட்டும் ஒப்பிட்டால் போதும் என்றார் அவர். குறியீடு 1% அசையும்போது இந்தப் பங்கு எவ்வளவு அசைகிறது என்ற எண்ணே பீட்டா. தொகுப்பின் பீட்டாவைக் காண்பதும் எளிது. ஒவ்வொரு பங்கின் பீட்டாவையும் தொகுப்பில் அதற்குள்ள விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால் முடிந்தது. மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி 5.93% சரிந்தது. பீட்டா 1.2 உள்ள 10 லட்சம் ரூபாய்த் தொகுப்பு அன்று ஏறக்குறைய 71,000 ரூபாய் குறைந்திருக்கும் என்று இந்தக் கணக்கு சொல்லும்.

பீட்டா சொல்வது சந்தையால் வரும் ஆபத்தை மட்டுமே. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குப் புத்தகங்களில் காட்டிய பணம் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். அந்தப் பங்கு ஒரே நாளில் 179 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்கு விழுந்தது. எந்தப் பீட்டாவும் இதை முன்கூட்டிச் சொல்லாது. ஆனால் தொகுப்பில் அது ஐம்பதில் ஒன்றாக இருந்தவருக்கும், சேமிப்பு முழுவதும் அந்த ஒரே பங்கில் இருந்தவருக்கும் அன்று நேர்ந்தது ஒன்றல்ல. நிறுவனத்தின் தனி ஆபத்தைப் பரவலாக வாங்குவதன் மூலம் பெரும்பாலும் கரைத்துவிட முடியும். சந்தை ஆபத்து எத்தனை பங்கு வாங்கினாலும் கரையாது. அதனால்தான் அதைத் தனியே கணக்கிட வேண்டியிருக்கிறது.

இனி, கணக்கில் எந்தக் காலத்து விலைகளைப் போடுவது?

திட்ட விலக்கத்தை எந்த நாட்களின் விலைகளிலிருந்து எடுத்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ரிஸ்க்மெட்ரிக்ஸ் இதற்கு ஓர் எளிய வழியைக் காட்டியது. நேற்று வரையிலான மதிப்பீட்டின் வர்க்கத்துக்கு 94% எடை, இன்று நடந்த மாற்றத்தின் வர்க்கத்துக்கு 6% எடை. சந்தை அமைதியாக இருந்து, திட்ட விலக்கம் 1% என்று இருக்கும்போது ஒரே நாளில் 5% விழுந்தால், மறுநாள் மதிப்பீடு 1.56% ஆகிவிடும். அண்மைய நாட்கள் உரக்கப் பேசும், பழைய நாட்கள் மெல்ல மங்கும். இந்தியாவில் முன்பேர வர்த்தகப் பிரிவைத் தொடங்க ஏற்பாடு நடந்தபோது, 1998இல் பேராசிரியர் ஜே.ஆர்.வர்மா தலைமையிலான குழுவும் மார்ஜின் என்ற ஈட்டுத்தொகையைக் கணக்கிட இதே 0.94 என்ற எடையைப் பரிந்துரைத்தது.

இன்னொரு வழியில் சூத்திரமே தேவையில்லை. கடந்த 500 வர்த்தக நாட்களின் விலை மாற்றங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் இன்றைய தொகுப்பின் மீது போட்டுப் பார்ப்பது. அந்த நாள் மீண்டும் வந்தால் இன்று கையில் இருக்கும் பங்குகள் எவ்வளவு இழக்கும் என்று 500 விடைகள் கிடைக்கும். அவற்றை மோசமானதிலிருந்து வரிசைப்படுத்தினால் ஐந்தாவது இடத்தில் நிற்பதுதான் 99% எல்லை. இயல்நிலைப் பரவல் என்ற அனுமானம் இதில் இல்லை, ஒட்டுறவுக் கெழுக்களைத் தனியே தேடவும் வேண்டாம். மூன்றாவதாக, மான்டே கார்லோ என்ற முறை கணினியில் ஆயிரக்கணக்கான கற்பனை நாட்களை உருவாக்கிப் பார்க்கிறது. ஆப்ஷன்கள் நிறைந்த தொகுப்புகளுக்கு அது பயன்படும். நேரடியாகப் பங்கு வைத்திருப்பவருக்கு முதல் இரண்டே போதும்.

இந்த முறைகளை 2020 மார்ச் சோதித்தது. அதற்கு முந்தைய ஓராண்டில், 2020 பிப்ரவரி நடு வரை, நிஃப்டியின் ஆக மோசமான நாள் பட்ஜெட் தாக்கலான பிப்ரவரி 1, சனிக்கிழமை. அன்று விழுந்தது 2.5%. ஓராண்டு விலைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டவரின் தாளில் அதைவிடப் பெரிய இழப்பு வரவே வழியில்லை. ஒரு வறண்ட ஆண்டின் மழையை அளந்து ஏரிக்குக் கலிங்கு கட்டியது போன்ற நிலை அது. பிப்ரவரி 28 அன்று நிஃப்டி 3.7% விழுந்தது. மார்ச் 9 அன்று 4.9%. மார்ச் 12 அன்று 8.3%. மார்ச் 16 அன்று 7.6%. மார்ச் 23 திங்கட்கிழமை காலையில் 10% சரிந்ததும் வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியும் சரிவு நிற்கவில்லை. நாள் முடிவில் நிஃப்டி 12.98% குறைந்து 7,610இல் நின்றது. ஜனவரி நடுவில் தொட்ட 12,362 என்ற உச்சத்திலிருந்து பார்த்தால் 38% போய்விட்டது.

94%–6% எடை முறை இதில் எப்படி நடந்துகொண்டது என்பது கவனிக்கத் தக்கது. அந்த மாதத்து விலைகளை அதில் போட்டுப் பார்த்தால், மார்ச் 12 காலையில் அது சொல்லும் 99% எல்லை ஏறத்தாழ 4%. அன்று விழுந்தது அதைப் போல இரு மடங்கு. ஆனால் அந்தச் சரிவுகள் கணக்கில் ஏற ஏற, மார்ச் 23 காலைக்குள் எல்லை 8%ஐ ஒட்டி உயர்ந்திருக்கும். அப்போதும் அன்றைய 12.98% அதைத் தாண்டியது. ஆயினும் ஒரு மாதத்துக்குள் எச்சரிக்கையை நான்கு மடங்காக உயர்த்திய கணக்கைப் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. புயல் வருவதை அது முன்கூட்டிச் சொல்லவில்லை, தொடங்கியதை விரைவாகச் சொன்னது.

மார்ச் 23 அன்று இன்னொன்றும் நடந்தது. எல்லாத் துறைகளின் குறியீடுகளும் சேர்ந்தே விழுந்தன. வங்கிக் குறியீடு 16%க்கும் மேல் சரிந்தது. வங்கி, மருந்து, சோப்பு, சிமெண்ட் என்று பிரித்து வாங்கியவர் அமைதியான ஆண்டுகளில் பார்த்த 0.4 என்ற கெழு, அச்சம் பரவிய நாட்களில் ஒன்றை நோக்கி நகர்ந்தது. முன்பு போட்ட இரு பங்குக் கணக்கில் கெழுவை 1 என்று வைத்தால் 99% எல்லை 33,108இலிருந்து 39,542 ஆகிவிடும். பிரித்துப் போட்டதன் பலன் மிகவும் தேவைப்படும் நாளில்தான் குறைகிறது.

இயல்நிலைப் பரவலின் கதையும் இதேதான். நிஃப்டியின் ஒரு நாள் திட்ட விலக்கத்தைத் தாராளமாக 1.5% என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் 12% விழுவது எட்டுத் திட்ட விலக்கத் தொலைவு. அந்தப் பரவலின்படி, பிரபஞ்சத்தின் வயதையும் மிஞ்சிய காலத்தில் ஒரு முறை நடந்தாலே அதிசயம். நடந்தது என்ன? 2004 மே 17 அன்று, மத்தியில் ஆட்சி மாறும் நேரத்தில், நிஃப்டி 12.2% விழுந்தது. உலக நிதி நெருக்கடியின் உச்சத்தில், 2008 அக்டோபர் 24 அன்று மீண்டும் 12.2%. பிறகு 2020 மார்ச் 23. பதினாறு ஆண்டுகளில் மூன்று முறை. அமெரிக்காவில் 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6% சரிந்ததும் இந்த வரிசையில் சேர்வதே. விலை மாற்றங்களின் உண்மையான பரவலுக்கு வால் தடித்தது. நடுப்பகுதிக்குப் பொருந்தும் சூத்திரம் வாலுக்குப் பொருந்துவதில்லை.

வி.ஏ.ஆர். எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. நூற்றில் 99 நாட்கள் 33,108 ரூபாயைத் தாண்டாது என்று சொல்லும் அது, மீதமுள்ள ஒரு நாளில் 35,000 போகுமா, மூன்று லட்சம் போகுமா என்பதைச் சொல்வதில்லை. ஆர்ட்ஸ்னர், டெல்பன், ஈபர், ஹீத் ஆகிய நால்வர் 1999இல் எழுதிய கட்டுரை இந்தக் குறையைக் கணித முறையில் பிரித்துக் காட்டியது. எல்லையைத் தாண்டிய நாட்களில் சராசரியாக எவ்வளவு போகும் என்று கேட்பதே மேல் என்ற கருத்து வலுத்தது. உலக வங்கிகளுக்கு விதி வகுக்கும் பாசல் குழு 2016 ஜனவரியில் அந்தச் சராசரிக்கு மாறியது. எல்லையை 99%லிருந்து 97.5%க்கு இறக்கி, அதைத் தாண்டிய இழப்புகளின் சராசரியை எடுக்கச் சொன்னது. விலை மாற்றங்கள் இயல்நிலைப் பரவலில் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும், பெருக்கும் எண் 2.326க்குப் பதில் 2.338. வால் தடிக்கத் தடிக்கப் புதிய எண் பழையதைவிட்டு மேலே போகும். அந்த இடைவெளியே ஓர் எச்சரிக்கை.

கணக்கு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும் பாசல் குழு 1996இலேயே ஒரு முறை வகுத்தது. 250 வர்த்தக நாட்களில் 99% எல்லையை இழப்பு எத்தனை முறை தாண்டியது என்று எண்ண வேண்டும். இரண்டு மூன்று முறை தாண்டுவது இயல்பு. நான்கு வரை பச்சை, ஐந்திலிருந்து ஒன்பது வரை மஞ்சள், பத்தைத் தொட்டால் சிவப்பு. ஒரு முறைகூடத் தாண்டாத ஆண்டுகள் தொடர்ந்தால் மகிழ வேண்டியதில்லை, எல்லை அளவுக்கு மீறி அகலமாக இருக்கலாம். எக்செல் தாளில் தம் தொகுப்பை வைத்திருப்பவரும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

விற்க முடியுமா என்ற கேள்விக்கும் இடம் வேண்டும். ஒரு நாள் வி.ஏ.ஆர். என்பது, வேண்டாம் என்று முடிவெடுத்தால் ஒரே நாளில் விற்று வெளியேறலாம் என்று எடுத்துக்கொள்கிறது. சிறு நிறுவனப் பங்கு லோயர் சர்க்யூட் என்ற அன்றாட இறக்க வரம்பில் சிக்கினால் வாங்க ஆளே இருக்காது. லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க நிதியத்தில் நோபல் பரிசு பெற்ற மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்டனும் கூட்டாளிகளாக இருந்தார்கள். 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்ப முடியாது என்று அறிவித்ததும், அந்த நிதியம் வைத்திருந்தவை ஒன்றாக விழுந்தன. விற்கவும் வழியில்லை. 14 நிதி நிறுவனங்கள் 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. நம் நாட்டில் ஸ்மால்கேப், மிட்கேப் மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் தொகுப்பில் கால் பகுதியை, பாதியை விற்க எத்தனை நாளாகும் என்று 2024 மார்ச்சிலிருந்து வெளியிட்டு வருகின்றன. பங்கு வைத்திருப்பவர் தம் சொந்தத் தொகுப்புக்கும் அதையே கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்தே செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்று கையில் இருக்கும் பங்குகளின் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு, அவற்றின் பழைய விலைகளைத் தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்திலிருந்து எடுக்க வேண்டும். ஓராண்டு போதாது. 2008உம் 2020உம் உள்ளே இருக்க வேண்டும். அப்போது பட்டியலிடப்படாத பங்குக்கு அதே துறையின் குறியீட்டை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளின் மாற்றத்தையும் இன்றைய தொகுப்பின் மீது போட்டு, வரிசைப்படுத்தி, மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: 99% எல்லை, அதைத் தாண்டிய நாட்களின் சராசரி, ஆக மோசமான நாள். மூன்றையும் சதவீதத்தில் விட்டுவிடாமல் ரூபாயில் எழுத வேண்டும். பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆறு மாதத்தில் எடுக்க வேண்டிய பணம் அந்தத் தொகுப்பில் இருந்தால், மூன்றாவது எண்ணைப் பார்த்த பிறகு அதை அங்கே வைக்கலாமா என்ற முடிவு தானாகத் தெளியும்.

2020 மார்ச்சில் இந்தியாவில் ஏறத்தாழ 4 கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. 2024இல் அது 15 கோடியைத் தாண்டியது. இன்றைய கணக்குகளில் பெரும்பாலானவை அந்தச் சரிவுக்குப் பின் திறக்கப்பட்டவை. அவற்றைத் திறந்தவர்களின் அனுபவம் என்ற தரவுக்குள் 12% விழுந்த நாள் ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கு இன்று கிடைக்கும் எச்சரிக்கை, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ரிஸ்கோமீட்டர். ஆறு படிகள் கொண்ட அந்த அளவையில் பங்கு சார்ந்த ஃபண்டுகள் ஏறக்குறைய எல்லாமே 'மிக அதிகம்' என்ற கடைசிப் படியில்தான் நிற்கின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு அதில் தெரிவதில்லை.

தரவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பங்குக்கும் 99% நாட்களின் இழப்பை ஈடுகட்டும் நோக்கில் வி.ஏ.ஆர். மார்ஜினைப் பங்குச் சந்தைகள் நாள்தோறும் கணக்கிட்டு வெளியிடுகின்றன. அதையும் மீறிய நாட்களுக்காகத் தீவிர இழப்பு மார்ஜின் என்று ஒன்றைத் தனியே வசூலிக்கின்றன. புரோக்கர்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் சந்தை செய்யும் இந்தக் கணக்கு, முதலீட்டாளரின் கைபேசித் திரைக்கு மட்டும் வந்து சேரவில்லை. லாபத்தைப் பச்சையில் காட்டும் செயலியில், இந்தத் தொகுப்பு 2008 அக்டோபரிலும் 2020 மார்ச்சிலும் எத்தனை ரூபாய் இழந்திருக்கும் என்று இன்னொரு வரி சேர்ப்பது பெரிய வேலையில்லை. ஃபண்டுகளின் மாதாந்திரத் தகவல் தாளிலும் அந்த வரி வரவேண்டும். இதைச் செபியிடம் முதலீட்டாளர் அமைப்புகள் முறையாகக் கோர வேண்டும். ஒவ்வொருவரும் தம் புரோக்கரிடம், ஃபண்டு நிறுவனத்திடம் இந்த வாரமே எழுதிக் கேட்கலாம்.